பாடம் 5: வரைபடத்தில் விடுபடும் ஓடை

முகாமில் இருந்து தோட்டத்துக்குத் திரும்பும் முன்னர், அல்லது புதிய இடத்தில் காணி பெறும் முன்னர், உங்களுக்கு ஒரு வரைபடம் காட்டப்படும். பிரதேச செயலகத்திலோ தோட்ட அலுவலகத்திலோ அதை மேசையில் விரித்து, "உங்கள் இடம் இதுதான்" என்று ஒருவர் விரலால் தொட்டுக் காட்டுவார்.

அந்த விரல் நுனியைக் கவனியுங்கள். அதன் அகலம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். 1:50,000 அளவுத்திட்டப் படமாக இருந்தால், அந்த ஒரு சென்ரிமீற்றர் நிலத்தில் அரைக் கிலோமீற்றர். உங்கள் லயம், பக்கத்து லயம், பீலிக்கரை, பிரட்டுக்களம், கோயில், மேலே உள்ள கொழுந்து மலை எல்லாம் அந்த விரலுக்கு அடியில் மறைந்துவிடும்.

வரைபடம் பொய் சொல்வதில்லை. ஆனால் அது எல்லாவற்றையும் சொல்வதும் இல்லை. எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது, விட்டுப்போனதை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்து உத்தியோகத்தரிடம் சொல்லலாம் என்பதே இந்தப் பாடம். படிப்பு குறைந்தவர்களுக்கு வீட்டில் ஒருவர் இதை வாசித்துக் காட்டுங்கள். பாடசாலையில் புவியியல் படிக்கும் பிள்ளை இருந்தால் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. வரைபடம் ஏன் சுருக்கிக் காட்டுகிறது?

மலை, ஆறு, வீதி, உயரம் ஆகியவற்றைக் காட்டும் படத்தை இடவிளக்கப்படம் என்கிறோம். இலங்கையில் இதைத் தயாரிப்பது நில அளவைத் திணைக்களம். அந்தத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டில் இருந்து இயங்கி வருகிறது.

பெரிய நிலத்தைச் சிறிய தாளில் அடக்க வேண்டும் என்றால் சிலவற்றை விடத்தான் வேண்டும். 1:50,000 படத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 50 மீற்றர். 1:10,000 படத்தில் அதே மில்லிமீற்றர் 10 மீற்றர். தோட்டப்பகுதிகளில் குடும்பம் ஒன்றுக்கு வழங்கப்பட்டு வந்த 7 பேர்ச் காணியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். சதுரமாக வெட்டினால் பக்கத்துக்கு 13 மீற்றர். 1:10,000 படத்தில் அது ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய சிறு கட்டம். 1:50,000 படத்தில் பேனா முனையால் குத்திய புள்ளியைவிடச் சிறியது.

உங்களுக்குத் தெரிந்த ஓர் உதாரணம்: தெமோதரை ரயில் வளைவு. பதுளைக்குப் போகும் ரயில் தெமோதரை நிலையத்தைத் தாண்டி, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள்ளால் வெளியேறுகிறது. ஆனால் பாடசாலைச் சுவரில் தொங்கும் இலங்கைப் படத்தில் அந்த வளைவைத் தேடினால் கிடைக்காது. எல்லயில் இருந்து பதுளைக்கு ஒரு சாதாரணக் கோடுதான் போகும். அந்தப் படத்தை வரைந்தவர் தவறு செய்யவில்லை. அவ்வளவு சிறிய படத்தில் வளைவைப் போட இடம் இல்லை.

ரயில் வளைவு படத்தில் இல்லாததால் யாருக்கும் ஆபத்து இல்லை. உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஓடை படத்தில் இல்லாவிட்டால் கதை வேறு.

2. கணினி எப்படிச் சுருக்குகிறது?

முன்பு படம் வரையும் ஆள் ஒவ்வொரு கோட்டையும் பார்த்து, எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானித்தார். இன்று இந்த வேலையில் பெரும்பகுதியைக் கணினி செய்கிறது. அதற்கு மூன்று வழிகள் பொதுவாகப் பயன்படுகின்றன.

முதல் வழி: நூல் பிடிப்பது. தேயிலைக் கன்று நடும்போது இரண்டு குச்சிகளுக்கு நடுவில் நூல் பிடிப்பது போல, கோட்டின் ஒரு முனையில் இருந்து மறு முனைக்குக் கணினி நேராக ஒரு நூலைப் பிடிக்கிறது. நூலில் இருந்து அதிக தூரம் விலகிய வளைவை மட்டும் வைத்துக்கொள்கிறது. நூலை ஒட்டிய சின்ன வளைவுகளை அழித்துவிடுகிறது. கனடாவில் டக்ளஸ், பொய்க்கர் என்ற இருவர் 1973 இல் வெளியிட்ட முறை இது.

இரண்டாவது வழி: முக்கோணம் பார்ப்பது. கோட்டில் அடுத்தடுத்து உள்ள மூன்று புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு முக்கோணம் வரும். எந்த முக்கோணம் மிகச் சிறியதோ, அதன் நடுப்புள்ளியைக் கணினி எடுத்துவிடுகிறது. பின்னர் அடுத்த சிறிய முக்கோணம். இப்படியே தொடர்கிறது. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் மகேஸ் விஸ்வலிங்கமும் வையட் என்பவரும் 1993 இல் வெளியிட்ட முறை இது. இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது.

மூன்றாவது வழி: கட்டம் போடுவது. நிலம் முழுவதையும் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம் மட்டும் கொடுப்பது. 2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி, ரேடார் மூலம் மலைகளின் உயரத்தை அளந்தது. அந்தத் தரவு இன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீற்றருக்கு 30 மீற்றர், அதாவது 900 சதுர மீற்றர். 7 பேர்ச் காணிகள் ஐந்து அதற்குள் அடங்கும். ஐந்து வீடுகளுக்கும் ஒரே உயரம்தான் பதிவாகும். மேல் வீட்டு வாசலும் கீழ் வீட்டுக் கூரையும் அந்தக் கணக்கில் ஒரே மட்டம்.

மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. கணினி பார்ப்பது அளவை மட்டுமே. ஆபத்தை அது பார்ப்பதில்லை. பெரியதை வைக்கும், சிறியதை விடும். சிறியது எது என்று அதற்குத் தெரியும். அந்தச் சிறியது என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது.

3. மலைச்சரிவில் எது விடுபடுகிறது?

சமவுயரக் கோடு என்பது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு. தேயிலை மலையில் ஏறாமலும் இறங்காமலும் ஒரே மட்டத்தில் நடந்தால் உங்கள் கால் தடம் சமவுயரக் கோடாக அமையும். மலை வெளியே தள்ளியிருக்கும் இடத்தில் அந்தத் தடமும் வெளியே வளையும். பள்ளம் வரும் இடத்தில் உள்ளே வளையும்.

உள்ளே வளையும் அந்தச் சிறு வளைவே மிக முக்கியமானது. மழைநீர் ஒன்றுசேரும் இடம் அது. ஆண்டாண்டாக மேலே இருந்து வந்த மண்ணும் கல்லும் தங்கியிருக்கும் இடமும் அதுதான். மண்சரிவு பல தடவை இப்படிப்பட்ட பள்ளத்தின் தலைப்பகுதியில்தான் தொடங்குகிறது. படத்தைச் சுருக்கும்போது முதலில் போவதும் இந்தச் சிறு வளைவுதான்.

விடுபடக்கூடியவை இவை:

மழைக்கால ஓடை. வெயிலில் காய்ந்து, மழையில் மட்டும் ஓடும் சிறிய ஓடைகள் சிறிய அளவுத்திட்டப் படத்தில் நீக்கப்படுகின்றன. பெரிய ஆறு மட்டும் நீலக் கோடாக மிஞ்சும்.

கோடுகளுக்கு நடுவில் உள்ள ஓங்கல். படத்தில் 20 மீற்றருக்கு ஒரு சமவுயரக் கோடு என்று வைத்துக்கொள்வோம். 1,100 மீற்றரில் ஒரு கோடு, 1,120 இல் அடுத்தது. 1,101 இல் இருந்து 1,118 வரை ஒரு செங்குத்துப் பாறை இருந்தாலும் அதைக் காட்ட நடுவில் கோடு இல்லை. 17 மீற்றர் என்பது ஐந்து மாடிக் கட்டிடத்தின் உயரம்.

லயத்துக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு. மூன்று மீற்றர் உயரத்துக்கு நேராக வெட்டியிருந்தாலும் அது எந்த இடவிளக்கப்படத்திலும் வராது. மழைக்காலத்தில் குசினியின் பின்சுவரில் வந்து விழுவது பெரும்பாலும் இந்த மண்தான்.

கான். தோட்டத்தில் வெட்டிய கான்கள் தண்ணீரின் பாதையை மாற்றுகின்றன. கான் அடைபட்டால் தண்ணீர் வேறு வழி தேடும். படத்தில் கானும் இல்லை, அடைப்பும் இல்லை.

உண்மையான சரிவு. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 மீற்றர் நீளமான நிலம். அதில் 20 மீற்றர் சமதரை. மீதி 10 மீற்றர் தூரத்தில் நிலம் 10 மீற்றர் உயர்கிறது. அந்தப் பகுதியின் சரிவு 45 பாகை. ஏறுவதற்கே கையை ஊன்ற வேண்டும். ஆனால் 30 மீற்றர் கட்டத்தில் சராசரி எடுத்தால், 30 மீற்றருக்கு 10 மீற்றர் உயர்வு, அதாவது ஏறக்குறைய 18 பாகை. படம் 'மிதமான சரிவு' என்கிறது. நீங்கள் இருப்பதோ செங்குத்து மேட்டின் அடியில்.

நமுனுகுலை மலையைப் பாருங்கள். ஒன்பது சிகரங்கள் என்பதே சிங்களத்தில் அந்தப் பெயரின் பொருள். மிகவும் சுருக்கிய படத்தில் அது ஒரே மொட்டைக் கூம்பாகத் தெரியும். சிகரம் மழுங்கும்போது பள்ளமும் தூர்ந்துவிடுகிறது. சுருக்கிய படத்தில் மலை எப்போதும் நேரில் இருப்பதைவிடச் சாந்தமாகவே தோன்றும்.

கைத்தொலைபேசியில் படத்தை விரித்துப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விரலால் விரித்தால் படம் பெரிதாகும், விபரம் கூடாது. 30 மீற்றர் கட்டத்தில் எடுத்த உயரம், எவ்வளவு விரித்தாலும் 30 மீற்றர் கட்டத்தின் உயரம்தான்.

4. மண்சரிவு அபாயப் படம்

இடவிளக்கப்படம் வேறு, மண்சரிவு அபாயப் படம் வேறு. உங்கள் குடியிருப்பைத் தீர்மானிக்க இரண்டாவதுதான் தேவை. அதைத் தயாரிப்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். இந்தப் பணி 1990 இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் முதலில் தொடங்கப்பட்டது.

இந்தப் படத்துக்காக ஆறு விடயங்கள் ஆராயப்படுகின்றன: அடிப்பாறை, மேல் மண்ணின் வகையும் தடிப்பும், சரிவு, நில அமைப்பு, தண்ணீர் ஓடும் விதம், நிலத்தின் பயன்பாடு. இவற்றைச் சேர்த்து நிலத்தை நான்கு தரமாகப் பிரிக்கிறார்கள்: மண்சரிவு ஏற்பட வாய்ப்பில்லாத இடம், மிதமான அபாயம் உள்ள இடம், மண்சரிவு எதிர்பார்க்கக்கூடிய இடம், மண்சரிவு ஏற்பட மிகவும் வாய்ப்புள்ள இடம்.

இந்தப் படம் 1:50,000, 1:10,000 ஆகிய இரண்டு அளவுத்திட்டங்களில் தயாரிக்கப்பட்டது. உங்களுக்குக் காட்டப்படுவது எது என்று கட்டாயம் கேளுங்கள். 1:50,000 படத்தில் இரண்டு நிறங்களுக்கு நடுவில் உள்ள கோடு அரை மில்லிமீற்றர் தடிப்பு என்றால், நிலத்தில் அது 25 மீற்றர். உங்கள் லயத்தின் பாதி வீடுகள் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருக்கலாம். எல்லைக் கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள் படத்தை மட்டும் நம்பி முடிவு எடுக்கக்கூடாது. அதிகாரிகள் நேரில் வந்து காணியைப் பார்க்க வேண்டும்.

பதுளை போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில் வீடு கட்டும் முன்னர் இந்த நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கையைப் பெற வேண்டும். அந்த அறிக்கை உங்கள் காணிக்கென எழுதப்படுவது. வரைபடத்தில் விடுபட்டதைப் பிடிக்க அதுவே சரியான இடம்.

5. மீரியபெத்தை சொல்லும் பாடம்

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. வேலைக்குப் போனவர்களும் பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. உங்களில் சிலருக்கு அது உறவினரின் கதை.

அந்த இடம் ஆபத்தானது என்பது முன்பே தெரிந்திருந்தது. 2005 இலும் 2011 இலும் மக்களை அகற்றும்படி எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் போவதற்கு வேறு வீடும் காணியும் இல்லாமல் மக்கள் அங்கேயே இருந்தார்கள். தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் 2016 இல்தான் கிடைத்தன.

இதில் இருந்து இரண்டு விடயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று: படம் ஆபத்து என்று சொன்னால் அதை நம்புங்கள். "படம் எல்லாம் சுருக்கி வரைந்தது, எங்கள் இடம் நல்ல இடம்" என்று வாதாட இந்தப் பாடத்தைப் பயன்படுத்த வேண்டாம். சுருக்குவது சரிவைப் பெரும்பாலும் குறைத்தே காட்டும். சுருக்கிய பின்னரும் ஒரு இடம் ஆபத்தாகத் தெரிகிறது என்றால், நேரில் அது இன்னும் மோசமாக இருக்கலாம்.

இரண்டு: படத்தில் நிறம் இல்லாத இடம் என்றால் பாதுகாப்பான இடம் என்று பொருள் அல்ல. அந்த அளவில் எதுவும் தெரியவில்லை என்பதே பொருள்.

6. கையெழுத்துப் போடும் முன்னர் செய்ய வேண்டியவை

படத்தைக் காட்டுபவரிடம் மரியாதையாக இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

• இந்தப் படத்தின் அளவுத்திட்டம் என்ன? எந்த ஆண்டில் தயாரித்தது?
• சமவுயரக் கோடுகளின் இடைவெளி எத்தனை மீற்றர்?
• இது இடவிளக்கப்படமா, மண்சரிவு அபாயப் படமா?
• எங்கள் காணியை நேரில் பார்த்து எழுதிய அறிக்கை உண்டா? அதைத் தமிழில் விளக்குவீர்களா?

பின்னர் காணியைச் சுற்றி நடந்து பாருங்கள். வெயில் நாளில் ஒரு தடவை, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஒரு தடவை போவது நல்லது. வீடு வரும் இடத்தில் மட்டும் நிற்காமல், மேலே உள்ள மலையையும் பாருங்கள். உங்களிடம் வரும் மண் அங்கிருந்துதான் வரும்.

தனியாகப் போக வேண்டாம். அந்த மலையில் கொழுந்தெடுத்த பெண்களை அழைத்துப் போங்கள். எந்த நிரையில் கால் புதையும் என்று அவர்களுக்குத் தெரியும். கான் வெட்டிய பெரியவர்களைக் கேளுங்கள். பழைய ஓடை எந்தப் பக்கம் திரும்பியது, எந்த ஆண்டில் எந்த மேடு இறங்கியது என்று சொல்வார்கள். அப்பாயி சொல்லும் பழைய கதையில் ஒரு மண்சரிவு இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்:

• நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, வெடிப்பு அகலமாவது
• மரங்கள், மின்கம்பங்கள், வேலிக் கட்டைகள் சரிந்து நிற்பது
• புதிய இடத்தில் ஊற்று கிளம்புவது, பழைய ஊற்று திடீரென வற்றுவது
• பீலித் தண்ணீர் சேறாக வருவது
• கதவும் ஜன்னலும் காரணமின்றி இறுகுவது

கண்டதை ஒரு தாளில் வரையுங்கள். அழகாக இருக்கத் தேவையில்லை. லயம், பீலி, ஓடை, மண்மேடு, கான், வெடிப்பு ஆகியவற்றைக் குறித்து, தூரத்தைக் காலடியால் அளந்து எழுதுங்கள். எல்லோரும் பெயரும் திகதியும் போட்டு, ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் மற்றொன்றைப் பிரதேச செயலகத்திலும் கொடுங்கள். ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய படம் விட்டதை இந்தச் சிறிய படம் பிடித்து வைக்கும்.

7. குடியேறிய பின்னர்

எந்தப் படமும் இன்று பெய்யும் மழையைக் காட்டாது. அதை நீங்கள்தான் அளக்க வேண்டும். வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள, பக்கம் நேரான ஒரு பாத்திரத்தைக் கூரையும் மரமும் இல்லாத வெளியில் வையுங்கள். அடிமட்டத்தால் தண்ணீரின் ஆழத்தை மில்லிமீற்றரில் அளவெடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து, எழுதி, தண்ணீரை ஊற்றிவிடுங்கள். பெருமழை நேரத்தில் இடையிலும் அளந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால்: விழிப்பாக இருங்கள்.
100 மில்லிமீற்றரைத் தாண்டினால்: வெளியேறத் தயாராகுங்கள். அடையாள அட்டை, காணிப் பத்திரம், மருந்து, பிள்ளைகளின் உடுப்பு ஒரு பையில் இருக்கட்டும்.
150 மில்லிமீற்றரைத் தாண்டினால்: உடனே வெளியேறுங்கள்.
ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலும் உடனே வெளியேறுங்கள்.

மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்றைக் கண்டால் மழை அளவுக்குக் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.

திரும்பிப் பார்ப்போம்

வீட்டில் எல்லோரும் இருக்கும்போது இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.

1. 1:50,000 படத்தில் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் எவ்வளவு?
2. சுருக்கிய படத்தில் சரிவு கூடித் தெரியுமா, குறைந்து தெரியுமா?
3. எங்கள் காணிக்கு மேலே, படத்தில் இல்லாத எதை நாங்கள் கண்டோம்?
4. அதை யாரிடம், எந்தத் திகதியில் எழுதிக் கொடுத்தோம்?

முதல் இரண்டு கேள்விக்கும் பதில் இந்தப் பாடத்தில் உண்டு. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் பதில் உங்கள் மலையில்தான் உண்டு. அந்தப் பதில் கையில் கிடைத்த பின்னர் கையெழுத்துப் போடுங்கள்.